பழைய பூச்சை நீக்குமுன்: உலோகம், பிளாஸ்ரிக், ரெசின் சிற்றுருவங்களோடு ஒரு மாரிகாலம்

இலண்டனில் வசிக்கும் என் அண்ணா கப்பலில் அனுப்பிய பெட்டியில், உடுப்புகளுக்கும் சொக்கிலேற்றுகளுக்கும் நடுவே, ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையச் சிற்றுருவப் பொம்மைகள் வந்து சேர்ந்தன. அவருடைய மகன் பள்ளிக் காலத்தில் சேர்த்த போர்வீரர்கள், குதிரைகள், கற்பனை விலங்குகள் என்று விரல் உயரத்துக்கு மேற்படாத உருவங்கள் அவை. சில கனமான உலோகம், பல பிளாஸ்ரிக், இன்னும் சில, திரவமாயிருந்து இறுகும் செயற்கைப் பிசினான ரெசின். பலமுறை பூச்சின் மேல் பூச்சாகப் பூசப்பட்டிருந்ததால் முகங்களும் விரல்களும் அடையாளம் தெரியாமல் தடித்திருந்தன. அவற்றைச் சுத்தமாக்கிப் புதிதாக வர்ணம் தீட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு உடனே வந்தது. ஆனால், மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாண நகரம் வரை இதில் அனுபவமுள்ள ஒருவரையும் எனக்குத் தெரியாது. வெளிநாட்டவர்கள் காணொளிகளில் எடுத்துக் காட்டும் திரவங்களின் பெயர்களை இங்குள்ள கடைகளில் சொன்னால் விளங்கிக்கொள்பவரும் இல்லை. ஒரு மாரிகாலம் முழுவதையும், திரவங்களுக்கும் கையுறைகளுக்குமாக எட்டாயிரம் ரூபாவுக்கு மேலான பணத்தையும், திரும்ப வாங்க முடியாத சில உருவங்களையும் கொடுத்து நான் தெரிந்துகொண்டவற்றை, இதே வேலையைத் தொடங்கப்போகும் இன்னொருவருக்காக எழுதுகிறேன். எந்தத் திரவம் பூச்சைக் கழற்றும் என்பது மூன்றாவது கேள்விதான். பூச்சுக்குக் கீழே இருக்கும் உடல் எதனால் ஆனது என்பதும், கழன்ற கழிவு எங்கே போகப்போகிறது என்பதும் அதற்கு முன் கேட்கப்பட வேண்டியவை.

நான் முதலில் எடுத்தது பிளாஸ்ரிக் வீரர்களை. அவற்றின் மேல் இருந்தது பழைய எனாமல், அதாவது எண்ணெய் சார்ந்த பூச்சு. அதை இளக்குவதற்கு மினரல் டர்பன்டைன் வேண்டும் என்று நகரத்தில் ஓர் இரும்புக்கடையில் கேட்டேன். இத்தகைய திரவங்களைப் பெரிய கலன்களிலிருந்து பழைய குளிர்பானப் போத்தல்களில் ஊற்றிச் சில்லறையாகக் கொடுப்பது அங்கு வழக்கம். "தம்பி, உது எந்தப் பெயின்ரையும் கழட்டும், பயப்பிடாமல் கொண்டு போங்கோ" என்று சொல்லித் தந்த போத்தலில் இருந்தது டர்பன்டைன் அல்ல. வாகனப் பெயின்ரில் கலக்கும் தின்னர். போத்தலில் எந்த அடையாளமும் ஒட்டப்பட்டிருக்கவில்லை. கண்ணாடிச் சாடிக்குள் வீரர்களை இட்டு, மூழ்கும்வரை ஊற்றி மூடினேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது பூச்சு அப்படியே திரைத்திரையாக மிதந்துகொண்டிருந்தது. ஆனால், அதற்குள் இருந்த முகங்களும் கரைந்துவிட்டிருந்தன. துப்பாக்கிகள் வளைந்து, கால்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சாடியின் அடியில் சாம்பல் நிறப் பிசின்தான் மிஞ்சியது. அண்ணாவின் மகன் சின்னக் கைகளால் ஒட்டிச் சேர்த்தவை அவை என்ற நினைப்பு வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவனுக்கு அதைச் சொல்லப் பல நாட்கள் மனம் வரவில்லை.

கடினமான பிளாஸ்ரிக் சிற்றுருவங்கள் பெரும்பாலும் பொலிஸ்ரைரீன் என்ற பிளாஸ்ரிக்கால் வார்க்கப்படுகின்றன. தின்னரில் வழக்கமாகச் சேரும் தொலுயீனும் அசற்றோனும் அந்தப் பிளாஸ்ரிக்கையே கரைப்பவை. இத்தகைய உருவங்களை ஒட்டுவதற்கென்று விற்கப்படும் பசையும் இதே தன்மையைப் பயன்படுத்தித்தான், இரு பக்கங்களையும் சற்றுக் கரைத்து ஒன்றாக்குகிறது. இதைச் சோதிப்பதற்கு ஒரு சதமும் செலவில்லாத வழி நம் வீடுகளிலேயே இருக்கிறது. தொலைக்காட்சி, மின்விசிறி வரும் பெட்டிகளுக்குள் வைத்திருக்கும் வெள்ளை ரெஜிபோமும் அதே பொலிஸ்ரைரீன்தான். வாங்கிய திரவத்தில் ஒரு துளியை ரெஜிபோம் துண்டில் விடுங்கள். அது குழி விழுந்து உள்வாங்கினால், கடைக்காரர் என்ன பெயர் சொல்லித் தந்திருந்தாலும், அந்தத் திரவம் உங்கள் பிளாஸ்ரிக் உருவத்தைத் தொடக் கூடாது. ரெஜிபோம் தாங்கினால், உருவங்களை வெட்டியெடுத்த சட்டகத்தின் துண்டையோ உடைந்த ஒரு பாகத்தையோ ஓர் இரவு அதில் ஊறவைத்துப் பாருங்கள். அதன் பிறகே உருவத்தை இடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், குளிர்பானப் போத்தலில் வந்த எந்தத் திரவத்தையும் அதே போத்தலில் வைத்திருக்க வேண்டாம் என்பதையும் மன்றாட்டமாகச் சொல்கிறேன். தாகத்தோடு விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு அது தண்ணீர் அல்லது சோடா.

பிளாஸ்ரிக்கை இழந்ததைவிட என்னைப் பயமுறுத்தியது உடம்புக்கு நேர்ந்தது. வெளியே கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்ததால் பின்னறையில், யன்னலையும் சாத்திக்கொண்டு, கெட்டுப்போனவற்றைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நெற்றி பாரமாகியது. பிறகு தலைசுற்றி, குமட்டல் வந்து, எழுந்து நடக்கும்போது கால் தடுமாறியது. தின்னர் ஆவியை மூடிய அறையில் சுவாசித்தால் இப்படித்தான் ஆகும். கொரோனாக் காலத்தில் எல்லார் வீட்டிலும் மிஞ்சிய முகக்கவசம் தூசியைத் தடுக்குமே தவிர, இந்த ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி நிரப்பிய வடிகட்டியுள்ள கவசம் வேண்டும். அது கிடைக்காவிட்டால், காற்றோட்டமான விறாந்தையிலோ முற்றத்திலோ மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, வேலை செய்யுங்கள்; மழை பெய்தால் வேலையை மறுநாளுக்கு விடுங்கள். இந்த ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு ஊர்ந்து செல்லும். பிறகு நான் பாவித்த இன்னொரு திரவமான சுத்தமான ஐசோபுரோப்பைல் அற்ககோல் ஏறத்தாழ 12 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை விடும் என்றால், நம் ஊர் வெயிலில் அதன் அருகே குசினி அடுப்பும் சாமியறை விளக்கும் எரிவது என்ன ஆபத்து என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். கையுறையிலும் ஒரு கவனம் தேவை. மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் இறப்பர் கையுறை தின்னரில் ஊதி இளகிவிடுகிறது. நைற்றைல் கையுறை என்று கேட்டு வாங்க வேண்டும். அதையும் அசற்றோன் விரைவில் ஊடுருவும் என்பதால் நனைந்தவுடன் மாற்ற வேண்டும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, எந்தப் போத்தலையும் திறக்காமல், மிஞ்சிய உருவங்களை முதலில் வகை பிரித்தேன். உலோகத்தைக் கையிலெடுத்த மாத்திரத்தில் கனம் சொல்லிவிடும். வளையும் தன்மையுள்ள, மெழுகுத் தொடுகையுள்ள மலிவான வீரர்கள் பொலித்தீன். தண்ணீரில் மிதப்பார்கள், பூச்சும் அவர்களில் இறுகப் பிடிப்பதில்லை என்பதால் நகத்தாலேயே உரிந்துவிடும். கடினமான பிளாஸ்ரிக்குக்கும் ரெசினுக்கும் வேறுபாடு காண்பதுதான் சிரமம். இரண்டும் நல்ல தண்ணீரில் தாழும். உருவத்தின் அடிப்பக்கத்தில், பார்வைக்குப் படாத இடத்தில், சிறு கத்தியால் சுரண்டினால் பிளாஸ்ரிக் சுருளாக வரும், ரெசின் பெரும்பாலும் பொடியாக உதிரும். ரெசின் பொடி மூச்சுக்கு நல்லதல்ல என்பதால் இடத்தை நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள். பூச்சின் வகையை அறிய, அற்ககோலில் தோய்த்த பஞ்சால் ஓரிடத்தில் தேய்த்துப் பார்த்தால் போதும்: பஞ்சில் நிறம் ஒட்டினால் அநேகமாக அக்ரிலிக் (தண்ணீரில் கலந்து பூசும் வகை), ஒட்டாமல் நின்றால் எனாமலாக இருக்கலாம்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது ஐசோபுரோப்பைல் அற்ககோல். மருந்துக்கடைகளில் கேட்டபோது சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டையே தந்தார்கள். அது வேறு கலவை. கைத்தொலைபேசி திருத்தும் கடைகளில், மின்சுற்றுப் பலகைகளைத் துடைப்பதற்காக, 99 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோலை வைத்திருக்கிறார்கள் என்பதைத் தற்செயலாக அறிந்து, அங்கே கேட்டு வாங்கினேன். அடையாளம் ஒட்டிய, முத்திரை உடையாத கலன் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பொலிஸ்ரைரீனை இது கரைப்பதில்லை. அக்ரிலிக் பூச்சை நன்றாக இளக்கும். மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் சில மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பழைய பல்தூரிகையால் தேய்த்தபோது, ஆறிய பாலின் ஆடைபோலப் பூச்சு சுருண்டு வந்தது. இடுக்குகளில் நின்றதை மூங்கில் குச்சியால் எடுக்கலாம். ஊசியும் கம்பித் தூரிகையும் பிளாஸ்ரிக்கில் கீறல் விடும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்று அழுத்தித் தேய்க்காமல், தேய்ப்பதும் மீண்டும் ஊறவைப்பதுமாக மாறி மாறிச் செய்தால் மெல்லிய வாள்முனைகளும் கைவிரல்களும் தப்பும். சாடியை வெயிலில் வைத்தால் விரைவாகும் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். சூட்டில் ஆவி பெருகி மூடியைத் தள்ளும். எனாமல் மட்டும் இதற்கு அவ்வளவு எளிதில் அசையவில்லை. அந்த உருவங்களில் மெல்லியதாகப் பூசப்பட்டிருந்தவற்றை நான் கழற்றாமலே விட்டுவிட்டேன்.

அற்ககோல் கிடைப்பதற்கு முன் சில உருவங்களை டெற்றோலில் ஊறவைத்திருந்தேன். இந்தத் திரவம் எந்தச் சிறு கடையிலும் கிடைக்கும், அக்ரிலிக்கை நன்றாகவே இளக்கும், பிளாஸ்ரிக்கைக் கெடுப்பதும் இல்லை. தண்ணீர் கலக்காமல் ஊற்ற வேண்டும் என்பதைப் படித்திருந்தேன்; அதை எப்படிக் கழுவுவது என்பதை ஒருவரும் எழுதியிருக்கவில்லை. இளகிய பூச்சோடு உருவத்தைத் தண்ணீரில் பிடித்த அந்தக் கணமே, டெற்றோல் பால்நிறமாகி, பூச்சு முழுவதும் தாரைப் போல் பிசுபிசுத்து, உருவத்திலும் தூரிகையிலும் கையிலும் அப்பிக்கொண்டது. ஒரு பின்னேரம் முழுவதும் அதைச் சுரண்டியே கழிந்தது. வழி இதுதான்: பூச்சு முழுவதும் நீங்கும்வரை தண்ணீரைக் கிட்ட எடுக்காதீர்கள். தூரிகையையும் டெற்றோலிலேயே தோய்த்துத் தேய்த்து, இன்னொரு சாடியிலுள்ள சுத்தமான டெற்றோலில் அலசி, துணியால் ஒற்றி, பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தை நேரடியாகப் பூசித் தேய்த்து, கடைசியாகத்தான் தண்ணீர். மணம் நெடுநாள் போகாது. டெற்றோலிலுள்ள குளோரோசைலினோல் பூனைகளுக்கும் மீன்களுக்கும் நஞ்சு. வீட்டில் பூனை திரிந்தால் சாடியை மூடியே வையுங்கள்.

கழுவும் தண்ணீரைப் பற்றியும் யாழ்ப்பாணத்தில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடாக ஊறி வருவதால் கல்சியம் மிகுந்த வன்னீர். சவர்க்காரக் கட்டியைப் பாவித்தால் நுரை வராமல் வெள்ளைத் திரளையாகி உருவத்தின் மடிப்புகளில் படியும். பாத்திரம் கழுவும் திரவத்தில் அந்தத் தொல்லை இல்லை. கிணற்று நீர் காய்ந்தாலும் வெண்படிவம் விடும், அதன் மேல் பூசும் முதற்பூச்சு சரியாகப் பிடிக்காது. மழைநீரையோ பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையோ கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

அதைவிட முக்கியமானது, கழுவிய நீர் எங்கே போகிறது என்பது. எங்கள் வளவுகளில் கழுவும் தண்ணீர் வாழையடிக்குப் போகும். வாழையடியிலிருந்து சில பாகத் தூரத்தில் குடிக்கும் கிணறு இருக்கும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது; சுண்ணக்கல் வெடிப்புகளில் தேங்கும் நிலத்தடி நீரே நமக்கு எல்லாம், அந்த வெடிப்புகளில் மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே இறங்கிவிடும். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தபோது மக்கள் பட்ட அவதியைக் கண்ட எவரும் ஒரு கோப்பைத் தின்னரையும் மண்ணில் ஊற்றத் துணியமாட்டார்கள். பாவித்த அற்ககோலை நான் கொட்டுவதே இல்லை. சாடியை அசையாமல் சில நாட்கள் வைத்தால் பூச்சின் கசடு அடியில் படியும். மேல் திரவத்தைப் பழைய பருத்தித் துணி பல மடிப்பில் வடித்தால் மீண்டும் மீண்டும் பாவிக்கலாம், பணமும் மிச்சம். கசட்டை மணலோடு கலந்து, திறந்த தகர ரின்னில், அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில் காயவிட்டு, மூடி ஒட்டி வைக்கிறேன். அதைப் பின்னேரக் குப்பையோடு சேர்த்து முற்றத்தில் கொளுத்த வேண்டாம். எரியும் பூச்சின் புகை திரவத்தைவிடக் கொடியது.

ரெசின் உருவங்கள் என்னை மிகவும் சோதித்தன. பொலியூரத்தேன் ரெசினில் வார்த்தவை அற்ககோலைச் சிறிது நேரம் தாங்கின. ஓர் இரவு விட்டபோது ஒரு குதிரையின் கால் இளகி வளைந்தது. வெந்நீரில் சில கணம் பிடித்து நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் இட்டதும் அது பழைய வடிவத்துக்கு வந்தது என்பது பெரிய நிம்மதி. முப்பரிமாண அச்சில் செய்தவையோ வேறு வகை ரெசின். அற்ககோலை உறிஞ்சி, காயும்போது வெடிப்பு விடக்கூடியவை. அப்படி ஒரு விலங்கின் சிறகு என் கையிலேயே விண்டது. ஆகவே ரெசினை ஊறப்போடாமல், தூரிகையால் நனைத்து, சில நிமிடம் பொறுத்து, தேய்த்து, உடனே கழுவுங்கள். அசற்றோனைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். உறுப்புகளைப் பிரிக்க வேண்டியிருந்தால் இன்னொரு வழி உண்டு. சுப்பர் குளூவால் ஒட்டியவற்றை உறைகுளிரில் சில மணி நேரம் வைத்தால் பசை நொறுங்கும் தன்மை பெற்று, மெல்லத் திருகியவுடன் விட்டுவிடும். பிளாஸ்ரிக் பசையால் ஒட்டியவை ஒரே உடலாகிவிட்டவை, அவற்றைப் பிரிக்க முயல வேண்டாம்.

உலோகம்தான் எதையும் தாங்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அசற்றோனில் இட்டால் சில நிமிடங்களில் பூச்சு கழன்றுவிடுவது உண்மைதான். ஆனால், உலோகத்தில்தான் ஆளுக்கே ஆபத்தான பொருள் இருக்கிறது. அண்ணா பழைய பொருட்சந்தையில் வாங்கிச் சேர்த்திருந்த உள்ளீடற்ற வீரர்கள் சிலர் பெட்டியில் இருந்தார்கள். ஈயத்தை இப்படி வார்க்கும் முறையை இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 இல் கொண்டுவந்தது. ஈய வார்ப்பு 1960களின் நடுப்பகுதி வரை தொடர்ந்தது. பிற்காலத்து உலோகச் சிற்றுருவங்களிலும் பல, ஈயமும் வெள்ளீயமும் அந்திமனியும் சேர்ந்த கலவைதான். பூச்சில்லாத அடிப்பக்கத்தால் வெள்ளைத்தாளில் கோடு இழுத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கோடு விழுந்தால் ஈயம் இருக்கிறது என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். பழைய பூச்சிலும் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பூச்சுகளில் அது 1978 இல்தான் தடுக்கப்பட்டது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்று அறியப்படவில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அது முதலில் தாக்குவது பிள்ளைகளின் மூளையை. ஆகவே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், கம்பித் தூரிகையும், சூடாக்கிச் சுரண்டுவதும் வேண்டாம். எல்லாம் ஈரத்திலேயே நடக்கட்டும். குசினிப் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்க வேண்டாம், வேலை முடியாமல் வாயில் ஒன்றும் வைக்க வேண்டாம். வெள்ளைப் பொடி பூத்த ஈய உருவத்தைப் பளபளப்பாக்க வினாகிரியில் போடும்படி எனக்கு ஒருவர் சொன்னார். அது ஈயத்தைக் கரைத்து நச்சு உப்பாக்கும். வினாகிரி ஆவிகூட ஈயத்தை அரிக்கும், புதிய பலகைப் பெட்டியின் ஆவியும் அப்படியே. தொழிற்சாலையிலேயே பூசிய பூச்சு ஓரளவாவது எஞ்சியிருக்கும் பழைய ஈய வீரனை, தேய்ந்திருந்தாலும், அப்படியே விட்டுவிடுங்கள். சேகரிப்பவர்களுக்கு அந்தப் பூச்சுத்தான் மதிப்பு.

மோட்டார் சைக்கிள் கடையிலுள்ள பிரேக் எண்ணெயும் பூச்சைக் கழற்றும் என்பது சரி. டொட் 3, டொட் 4 வகைகளுக்கு அந்தத் தன்மை உண்டு, சிலிக்கனால் ஆன டொட் 5 இற்கு இல்லை. ஆனால், தோலினூடாக உடம்புக்குள் போகும் அந்தத் திரவத்தைக் கொட்டுவதற்கும் நமக்கு இடமில்லை என்பதால் நான் வாங்கவில்லை. கோஸ்ரிக் சோடா கண்ணைப் பறிக்கும், அலுமினியச் சட்டியில் இட்டால் பொங்கித் தீப்பற்றும் வாயுவை விடும். இருகுளோரோமெதேன் கலந்த பெயின்ற் ரிமூவர் பிளாஸ்ரிக்கையும் ரெசினையும் அழிப்பதோடு, சுவாசித்தால் உடம்புக்குள் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவாக மாறும். அமெரிக்கா 2019 இல் அதை வீட்டுப் பாவனைக்கு விற்பதைத் தடுத்தது. விரலளவு உருவத்துக்காக இந்த மூன்றையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை.

சுத்தமான உருவங்களை மழைக்காலத்தில் இரண்டு நாளாவது காயவிட்ட பிறகே முதற்பூச்சு அடித்தேன். ஈரக் காற்றில் தெளித்த பூச்சு வெண்படலம் பூத்துவிடும் என்பதால் அதையும் வெயில் வந்த முற்பகலுக்கு ஒத்திவைத்தேன். பெட்டியில் மெல்லிய சிறகுகளோடு சில முப்பரிமாண அச்சு ரெசின் உருவங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் பழைய பூச்சு மெல்லியது, உருவ நுணுக்கம் மறையவில்லை. அவற்றைக் கழற்றாமல், பாத்திரத் திரவத்தால் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, பழைய பூச்சின் மேலேயே புதிதாகத் தீட்டத் தொடங்கியிருக்கிறேன்.